சிதல் தின்றதும் கை தவறியதும்

"பழைய அஞ்சு பைசா வீட்ல கிடக்கா? அப்ப நீங்கதான் லட்சாதிபதி" என்று தொடங்கும் காணொளிகளைத் தொடர்ந்து பார்த்தால் அது தனியாக ஓர் இலக்கிய வகைமை என்பது புரிந்துவிடும். அதற்கென்று இலக்கணம் இருக்கிறது. முதலில் ஒரு கை, கையில் ஒரு காசு. காசை அப்படியும் இப்படியும் சாய்த்துக் காட்டுவார்கள். பிறகு ஒரு குறை சுட்டப்படும். எழுத்து ரெண்டாத் தெரியுது பாருங்க, ஓரம் கடிச்ச மாதிரி இருக்கு பாருங்க, வருஷத்துக்குக் கீழ புள்ளி இல்ல பாருங்க. அப்புறம் விலை. அந்த விலையை யார், எங்கே, எப்போது கொடுத்தார் என்பது மட்டும் வராது. கடைசியில் ஒரு கைபேசி எண். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே வாயைத் திறக்க வேண்டி வந்தது. எங்கள் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய காசு, நோட்டு வாங்குவதாகச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று அறிவித்தது.

மோசடியைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதற்குக் காவல்துறை இருக்கிறது. என் புகார் வேறு. இந்தக் காணொளிகளும், இவற்றைவிடக் கொஞ்சம் கௌரவமான "எரர் காயின்" பட்டியல்களும் புதிதாகச் சேகரிக்க வருகிறவனுக்குப் பார்வையைக் கற்றுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு, பார்க்காமல் இருக்கத்தான் பழக்குகின்றன. காசில் வழக்கத்துக்கு மாறாக ஏதோ ஒன்று தெரிந்தால் அது பிழை, பிழை என்றால் பணம் என்பது இவர்களுடைய சூத்திரம். இதில் முதல் பாதியே தப்பு. வித்தியாசம் எல்லாம் பிழை ஆகாது.

இதைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது சுலபம். நம்மிடம் ஏட்டுச்சுவடி இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்குப் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அப்படி ஒப்பிடுகிறவன் முன்னால் மூன்று விதமான வித்தியாசங்கள் வந்து நிற்கும். ஒன்று, எழுதினவன் கை தவறியது. வரி விட்டுப்போயிருக்கும், ஒரே சொல் இரண்டு தடவை விழுந்திருக்கும். இரண்டு, சிதல் தின்றது, ஓரம் முறிந்தது, நூல் கோத்த துளை பெரிதாகிக் கிழிந்தது. இவை எழுதி முடித்த பிறகு ஏட்டுக்கு நேர்ந்தவை. மூன்று, பாடபேதம். இந்தப் பரம்பரை ஏட்டில் ஒரு சொல், அந்தப் பரம்பரை ஏட்டில் வேறு சொல், இரண்டும் தெரிந்தே எழுதப்பட்டவை. இவற்றோடு நாலாவதாக ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும், மரபு. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குற்றெகரத்துக்கும் நெட்டேகாரத்துக்கும் ஒரே கொம்பு. சுவடி பார்த்தே பழகாதவன் கையில் கொடுத்தால் "பக்கத்துக்கு நூறு பிழை" என்று சொல்லுவான்.

காசும் இப்படித்தான். நாணயசாலைக்குள் அச்சு விழுந்த நேரத்தில் நடந்த தவறு ஒன்று. வெளியே வந்து கை மாறி, உண்டியலில் கிடந்து, தண்டவாளத்தில் வைக்கப்பட்டு, அமிலத்தில் ஊறிப் பட்ட காயம் வேறொன்று. அச்சிலேயே இருந்த வேறுபாடு இன்னொன்று. உலோகமோ எடையோ அரசாங்கமே தெரிந்து மாற்றியது மற்றொன்று. சேகரிப்பாளர்கள் பிழைக் காசு என்று மதிப்பது முதல் வகையை. இரண்டாம் வகையைப் பி.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்லி ஒதுக்குவார்கள். காணொளிகள் காட்டுவதில் பெரும்பகுதி இரண்டாவதும் நாலாவதும்தான்.

பிரித்தறிவதற்கு ஒரே வழி, காசு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்து வைத்திருப்பது. உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளைக் குத்தி எடுக்கிறார்கள். வில்லையின் ஓரத்தை அழுத்தி விளிம்பு எழுப்புகிறார்கள். சூடாக்கி இளக்கி, கழுவிக் காய வைக்கிறார்கள். பிறகு கீழ் அச்சுக்கும் மேல் அச்சுக்கும் நடுவில், காலர் என்கிற வளையத்துக்குள் வில்லை உட்காரும். ஓர் அடி. அந்த ஒரே அடியில் இரண்டு பக்கமும் ஓரமும் உருவாகிவிடும். ஆகவே கையில் இருக்கும் காசைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி "இது எவ்வளவு போகும்" என்பதல்ல. இது எந்தக் கட்டத்தில் நடந்திருக்க முடியும்? பதில் கிடைக்கவில்லை என்றால் அது நாணயசாலைக்கு வெளியே நடந்தது.

ஓரம் கடித்த காசையே எடுத்துக்கொள்வோம். தகட்டில் ஏற்கெனவே குத்திய ஓட்டையின் மேலேயே அடுத்த குத்து கொஞ்சம் ஏறி விழுந்தால் பிறைபோல் ஒரு துண்டு இல்லாத வில்லை வரும். இது உண்மைப் பிழை. ஆனால் அந்த வில்லை விளிம்பு எழுப்பும் யந்திரத்துக்குள் போகும்போது, கடிபட்ட இடத்தில் எதிர்ப்பு இல்லாததால் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே கடிக்கு நேர் எதிரே விளிம்பு சப்பையாகவோ மங்கலாகவோ இருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு காசிலும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. தெரிந்தால் நல்ல சாட்சி. அரத்தை வைத்துத் தேய்த்து உண்டாக்கிய கடியில் எதிர்ப்பக்க விளிம்பு கம்பீரமாக நிற்கும். கடியின் உட்புறத்தில் அரத்தின் கோடுகள் ஓடும். லென்ஸ்கூட வேண்டாம், வெயில் போதும்.

சதுரக் காசுகளில் இன்னும் அழகான ஒரு தர்க்கம் இருக்கிறது. நம் குடியரசுக் காசுகளை மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மாறாமல் புத்தகத்தின் தாளைப்போல் திருப்பினால் இரண்டு பக்கமும் நேராகவே நிற்கும். ஓர் அச்சு தன் இருக்கையில் சுழன்றுவிட்டால் மறுபக்கம் சாய்ந்து வரும். டை ராட்டேஷன் என்பார்கள். வட்டக் காசில் இந்தச் சாய்வு பத்துப் பாகை, நாற்பது பாகை என்று எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். 1965இலிருந்து வந்த அலுமினியச் சதுர ஒரு பைசாவில் அப்படி முடியாது. வளையம் சதுரம், அதற்குள் இறங்கும் அச்சின் முகமும் சதுரம். தப்பாகப் பொருத்தினால் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று. இருபது பாகை சாய்ந்த சதுரக் காசை வளையத்துக்குள் அடித்தது என்று ஒருவர் காட்டினால், காசைவிட அவரைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். வடிவமே ஒரு சாட்சியாக நிற்பதை எந்தப் பட்டியலும் சொல்லித் தருவதில்லை. பட்டியல்கள் அமெரிக்க சென்ட்டைப் பார்த்து எழுதப்பட்டவை, அது வட்டம்.

அமெரிக்க சென்ட் என்றதும் 1955 வந்துவிடும். அந்த ஆண்டின் லிங்கன் சென்ட் சிலவற்றில் தேதியும் வாசகமும் கண்ணுக்கே தெரியும்படி இரட்டையாக விழுந்திருக்கின்றன. அந்தப் புகழ்தான் இங்கே எல்லோரையும் இரட்டை எழுத்துத் தேட வைத்தது. அங்கே நடந்தது அச்சைச் செய்யும்போது. தாய் முத்திரையை அச்சின் மேல் ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தம் சற்றே திரும்பி விழுந்ததால் அச்சிலேயே எழுத்து இரட்டித்துவிட்டது. பிறகு அந்த அச்சில் விழுந்த ஒவ்வொரு காசும் அதே இரட்டை. நம்முடைய எஃகு நாணயங்களில் தாராளமாகப் பார்க்கக் கிடைப்பது வேறு சங்கதி. அச்சு தன் இருக்கையில் ஆடிக்கொண்டிருந்தால், அடி விழுந்த மறுகணம் விலகும்போது எழுத்தின் ஓரத்தை நக்கிக்கொண்டு போகும். எழுத்து பருக்காது, இளைக்கும். பக்கத்தில் படிக்கட்டுபோல் தட்டையான ஒரு நிழல் நிற்கும். உண்மையான இரட்டிப்பில் இரண்டாவது எழுத்துக்கும் முதல் எழுத்தைப்போலவே உருண்ட உடம்பு இருக்கும், மூலைகளில் பிளவு தெரியும். ஒன்று எழுத்து, மற்றது எழுத்தின் சிராய்ப்பு. இந்தச் சிராய்ப்புக்கு யாரும் பணம் தருவதில்லை.

போன வருஷம் ஒரு நாணயக் கண்காட்சியில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தோடு வந்தான். ஆறு மாதமாகச் சேர்க்கிறானாம். பதினொரு காசு, எல்லாம் எரர் என்று சொல்லி விற்கப்பட்டவை, மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்திருக்கிறான். "அண்ணா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன், இதுல எது ஒரிஜினல்?"

முதல் மூன்றும் "மின்ட் மார்க் இல்லாத" பத்து பைசாக்கள். வருஷத்துக்குக் கீழே வைரக்குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் 1988க்குப் பின் வந்த நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கல்கத்தா. குறி போடாமல் இருப்பதுதான் கல்கத்தாவின் குறி. ஓலையில் புள்ளி தேடுகிற அதே கதை.

நாலாவது ஒரு இருபத்தைந்து பைசா, எழுபதுகளில் அடித்தது. காந்தத்தில் ஒட்டவில்லை, அவனிடமே இருந்த 1960ஆம் வருஷத்துக் காசு ஒட்டுகிறது, ஆகவே "தப்பான உலோகம்". 1957இல் தசமக் காசு வந்தபோது இருபத்தைந்து நயா பைசா சுத்த நிக்கல், அதைக் காந்தம் இழுக்கும். 1972இலிருந்து செம்பு நிக்கல் கலவை, இழுக்காது. 1988இல் வந்த காண்டாமிருகக் காசு துருப்பிடிக்காத எஃகு, மறுபடியும் இழுக்கும். உலோக விலை ஏற ஏற அரசாங்கம் காசை மலிவாக்கிக்கொண்டே வந்த வரலாறு அது. ஐந்தாவது, மெலிந்த அஞ்சு பைசா. அதுவும் அதே கதைதான். எண்பதுகளில் அந்தச் சதுரக் காசையே ஒட்டுமொத்தமாக மெலிதாக்கிவிட்டார்கள்.

ஆறாவது, ஓரம் கடித்த ஒரு பைசா. அரத்தின் கோடு அப்பட்டம். புதிதாக நிற்கையிலேயே முக்கால் கிராம்தான் எடை, அலுமினியம், நகவெட்டியால்கூடக் காயப்படுத்தலாம். ஏழாவது, இரட்டை எழுத்து ரூபாய். மேலே சொன்ன சிராய்ப்பு.

எட்டாவதை அவன் நெஞ்சோடு வைத்திருந்தான். இரண்டு பக்கமும் சிங்கம் கொண்ட ஐம்பது பைசா. ஷோலேயில் ஜெய் சுண்டிவிடும் காசு நம் எல்லோருடைய மனதிலும் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறது, இரட்டைத்தலைக் காசு என்று ஒன்று இயல்பாகவே உலகத்தில் உலவுவதாக. நாணயசாலையில் மேலும் கீழும் ஒரே பக்கத்து அச்சைப் பொருத்துவது அபூர்வத்திலும் அபூர்வம். கடைசல் இயந்திரத்தில் ஒரு காசைக் கிண்ணமாகக் குடைந்து, இன்னொன்றைச் சுற்றிலும் கடைந்து உள்ளே பொருத்துவது வித்தைக்காரர்களுக்கு அன்றாட வேலை. விளிம்பின் உட்புறத்தில் நகத்தை ஓட்டினேன், ஓரிடத்தில் தடுக்கியது. கல்லில் போட்டோம். மற்ற காசு கணீரென்றது, இது தொப்பென்றது. அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதற்கு மட்டும் இரண்டாயிரமாம்.

ஒன்பதாவது, 1985ஆம் வருஷத்து ரூபாய், வருஷத்தின் கீழ் ஆங்கில எச். பர்மிங்ஹாமின் ஹீட்டன் சாலையில் இந்தியாவுக்காக அடித்தது. பத்தாவது, 1943இல் தொடங்கி யுத்த காலத்தில் வந்த ஓட்டைக் காலணா. கிரீடம் "தப்பாக" இருக்கிறதாம். அந்தக் காசில் தட்டையான கிரீடம், உருண்ட கிரீடம் என்று வகைகள் உண்டு. இது பாடபேதம். பிழை என்று விற்றது பொய் என்றாலும் வைத்திருக்கத் தகுந்த காசு. நடு ஓட்டை ஒரு பக்கமாக விலகிய காலணா கிடைத்தால் அது உண்மைப் பிழை, ஏனென்றால் அடி விழும்முன் வில்லையிலேயே குத்திய ஓட்டை அது.

பதினொன்றாவதை விற்றவன் மற்றவற்றோடு சும்மா சேர்த்துக் கொடுத்திருக்கிறான், "நசுங்குனது" என்று சொல்லி. எஃகு இருபத்தைந்து பைசா. ஒரு பக்கம் சிங்கம் சரியாக எழும்பி நிற்கிறது. காண்டாமிருகம் இருக்க வேண்டிய பக்கத்தில் அதே சிங்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி, குழிந்து, கொஞ்சம் விரிந்து கிடக்கிறது. முன்னால் அடித்த காசு வெளியேறாமல் காண்டாமிருக அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அதன் முதுகில் எழும்பி நிற்கும் சிங்கமே அடுத்த வில்லைக்கு அச்சாகிவிடும். பிராக்கேஜ் என்பது இதுதான். வைஸில் இரண்டு காசை வைத்து இறுக்கியும் இப்படி ஒரு குழி உண்டாக்கலாம். அப்போது அடியில் காண்டாமிருகத்தின் தடம் நசுங்கிக் கிடக்கும், மறுபக்கத்துச் சிங்கமும் தட்டையாகியிருக்கும். இதில் காண்டாமிருகத்தின் சுவடே கிடையாது. சிங்கத்தின் பிடரிகூடக் கூர்மையாக நிற்கிறது. பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "அப்ப இது மட்டும்தானாண்ணா?" என்று கேட்டான். இது மட்டும்தான்.

எழுத்தாள நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "விலை பேசுறது அவ்வளவு கேவலமா? காசுன்னாலே விலைதானே?" நியாயமான கேள்வி. விலையைப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011 ஜூன் 30க்குப் பிறகு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாக்காசு. அவற்றுக்கு இனி முகமதிப்பு கிடையாது, யாராவது ஒருவர் ஆசைப்பட்டால்தான் மதிப்பு. அந்த ஆசைக்குக் காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. காசில் என்ன நடந்தது என்று வாங்குகிறவனுக்கும் தெரிந்து விற்கிறவனுக்கும் தெரிந்து பேசப்படும் விலை நாணயமான விலை. நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் வைத்திருக்கிறோம், சும்மா வைக்கவில்லை.

பிழைக் காசு ஆர்வலர்கள் மேலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பிழை எத்தனைக்கெத்தனை வினோதமோ அத்தனைக்கத்தனை அழகு என்பது அவர்கள் ரசனை. மூன்று தடவை அடிபட்டு, பாதி மடங்கி, வேறு காசின் மேல் விழுந்தது என்று சில வரும். அவற்றைப் பார்க்கும்போது எனக்கு வேறு சந்தேகம் எழும். அத்தனை தப்பும் ஒரே காசில் தானாக நடந்து, எண்ணி மூட்டை கட்டும் இடத்தையும் தாண்டி வெளியே வந்ததா, அல்லது ஒரு கை உதவி செய்ததா? உதவி செய்த கை சாலைக்கு உள்ளே இருந்தாலும் அது கைத்தவறு அல்ல, கைவேலை. எனக்குப் பிடித்தது அடக்கமான பிழைகள்தான். அச்சில் விரிசல் விட்டு, அந்த விரிசல் மயிரிழைபோல் காசில் எழும்பி நிற்கும். அடுத்தடுத்த காசுகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கடைசியில் அச்சின் ஓரமே பெயர்ந்து விழுந்தால் காசின் விளிம்பில் மொழுக்கென்று ஒரு கட்டி நிற்கும். நாலைந்து காசை வரிசையாக வைத்தால் ஓர் அச்சு தேய்ந்து சாவதைப் பார்க்கலாம். அள்ளிப்போட்டால் கிலோக் கணக்கில் போகிற காசுகளில் இது கிடைக்கும், தேட வேண்டும்.

பிழை என்று சொல்ல ஓர் ஒழுங்கு முதலில் வேண்டும். ராஜராஜன் பெயரில் வந்த செப்புக்காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் பெயர், எல்லாம் முழுசாக விழுந்த காசு கிடைத்தால் அதுதான் அதிசயம். வில்லை சிறியது, அச்சு பெரியது, சுத்தியல் கையில். மையம் விலகியது என்று அதற்கு யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரிக்க வேண்டியதுதான். வளையம் வந்த பிறகுதான் விலகல் பிழையானது. சோதிக்கிறவர்கள் அதற்கு வெகு முன்னாலேயே இருந்தார்கள். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் ஒருவருக்குப் பெயர், வண்ணக்கன் என்றால் காசு நோட்டம் பார்க்கிறவன். அவர் பார்த்திருக்கக்கூடியது மாற்றும் எடையும். பொறிப்பு நடுவில் விழுந்ததா என்று அவர் கவலைப்பட்டிருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனிக் காலத்துப் பத்துக் காசும் இருபது காசும் இதே சந்தையில் வேறு விதமாக அடிபடுகின்றன. சென்னை ராஜதானிக்காகப் பர்மிங்ஹாமின் சோஹோ சாலையில் நீராவி யந்திரத்தில் அடித்தவை, 1808 என்ற வருஷத்தோடு. அவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில்தான் காசுகளை வெளியே எடுத்தார்கள். உப்புத் தின்று குழி குழியாக இருப்பவை உண்டு. குழியைக் காட்டி "எரர்" என்று சொன்னால் அது பச்சைப் பொய், சிதல் தின்றதுதான். ஆனால் எவ்வளவு பெரிய சிதல்! சென்னைக்கு வந்து சேராத காசு, நூற்றெழுபது வருஷம் கடலடியில் கிடந்தது என்ற உண்மையே போதும், அதை வாங்க.

இன்னொரு தகராறு 1911. ஐந்தாம் ஜார்ஜ் பட்டமேறிய வருஷத்துக் காசுகளில் அரசரின் அங்கியில் ஒரு யானை உண்டு. துதிக்கை குட்டையாகப் போய்விட்டதால் ஜனங்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. ரூபாயை மட்டுமே எல்லோரும் பேசுவார்கள், அந்த வருஷத்துக் காலணாவிலும் அதே யானைதான். எதிர்ப்பு கிளம்பி, 1912இல் யானையைத் திருத்தினார்கள். இதையும் எரர் பட்டியலில் சேர்க்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். என் பெட்டியில் இருக்கும் காலணாவை நான் பிழைகளோடு வைப்பதில்லை. வரைந்தவன் எதைக் கொடுத்தானோ அதையே அச்சு ஏற்றது, அதையே யந்திரம் ஒவ்வொரு காசிலும் மயிரிழை பிசகாமல் அடித்தது. அந்த யானையை ஓட்டைக் காலணாவின் இரண்டு கிரீடங்களுக்குப் பக்கத்தில், பாடபேதங்களின் தட்டில்தான் வைத்திருக்கிறேன்.